மகளின் நெற்றியில் தட்டை மரு: முகத்தில் எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது?

உவர்மலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 12 வயது, தரம் 7. விடுமுறையில் நிலாவெளிக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்த பிறகுதான் அவளின் நெற்றியில் சின்னச் சின்னப் பொருக்குகளைக் கண்டேன். வேர்க்குரு என்றுதான் நினைத்தோம், திருமலை வெயிலுக்கு அது வராத பிள்ளை யார். ஆனால் வேர்க்குரு சில நாளில் அடங்கிவிடும், இது அடங்கவில்லை. கிட்டத்தில் பார்த்தால் தோலின் நிறத்திலேயே இருக்கிறது, சிலது இலேசான மண்ணிறம், மேல்பக்கம் தட்டை, பெரியது கூட 3 மில்லிமீற்றர் இராது. நோவும் இல்லை, கடியும் இல்லை. இப்போது இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒரே கோட்டில் வரிசையாக வந்திருக்கிறது, புறங்கையிலும் தொடங்கியிருக்கிறது. 6 வயது மகனின் முழங்காலிலும் அதே மாதிரி இரண்டு.

ஒரு பாமசியில் காட்டியபோது அலர்ஜி என்று ஒரு கிறீம் தந்தார்கள். முதலில் முகம் நல்ல வழுவழுப்பாக வந்தது, பிறகு பார்த்தால் முன்பு இருந்ததை விடக் கூட. அதன் பிறகு குடும்ப டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது தட்டை மரு, வைரஸால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை, தானாகப் போகும், அந்தக் கிறீமை மட்டும் நிறுத்துங்கள் என்று சொன்னார். வெளியே சனம் நிறையக் காத்திருந்தது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

இது தொற்றுமா? தொற்றும் என்றால் பாடசாலைக்கும் ரியூஷனுக்கும் அனுப்பலாமா? இணையத்தில் தேடினால் எச்.பி.வி. என்ற வைரஸ் என்று வருகிறது, அதே பெயரில் கர்ப்பப்பை வாசல் புற்றுநோயும் வருகிறது, அதைப் படித்த இரவு எனக்கு நித்திரையே இல்லை. தரம் 6இல் பாடசாலையிலேயே அந்த ஊசி போட்டவள், பிறகு எப்படி இது வந்தது? அம்மம்மா சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைத்தால் விழுந்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தால் போகும் என்கிறார்கள். முகம் என்பதால் எதையும் செய்யப் பயமாக இருக்கிறது, ஒன்றும் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. பிள்ளை தலைமுடியை முன்னுக்கு இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாள். ஒருத்தி பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோல் கிளினிக் தாதி (ஓய்வு) எழுதியது:

தங்கச்சி, உங்கள் குடும்ப டொக்டர் சொன்னது சரியாகத்தான் தெரிகிறது. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுதியைத் தந்தது அந்தக் கோடுதான். மரு உள்ள இடத்தைப் பிள்ளை நகத்தால் சொறிந்தால் அந்தக் கீறல் வழியே வைரஸ் விதைபட்டுவிடும், கொஞ்சக் காலம் கழித்து அதே கோட்டில் வரிசையாக முளைக்கும். முகப்பரு அப்படி வராது, வேர்க்குருவும் அப்படி வராது. தேமல் என்றால் தோல் உயர்ந்திராது, நிறம் மாறிய திட்டாகத்தான் இருக்கும், சுரண்டினால் மெல்லிய பொடி உதிரும். நடுவில் குழி விழுந்து உருண்டையாக மினுங்கும் பாலுண்ணி இன்னொரு வைரஸால் வருவது. இவை எல்லாவற்றுக்கும் வெவ்வேறு மருந்து. அதனால் யாரோ ஒருவருக்குச் சுகம் தந்த கிறீமை வாங்கிப் பூசுவதற்கு முன்பு இது என்னவென்று ஒரு டொக்டர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள்.

தட்டை மரு பொதுவாக 1 முதல் 5 மில்லிமீற்றர் வரைதான் இருக்கும், தோலை விட மட்டுமட்டாகத்தான் உயர்ந்திருக்கும், அதனால் நேரே வெளிச்சம் விழும்போது சரியாகத் தெரியாது. பிள்ளையை யன்னலோரம் இருத்தி வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள், அல்லது போன் டோர்ச்சைக் கன்னத்தோடு சரித்துப் பிடியுங்கள், எங்கெங்கே இருக்கிறது என்று விளங்கும். அப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால் கூடுகிறதா குறைகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கிளினிக்கில் அப்படிப் படம் கொண்டுவரும் தாய்மாரைக் கண்டால் டொக்டர்மாருக்கும் வேலை சுகம்.

நித்திரை வராத விஷயத்துக்கு வருகிறேன். எச்.பி.வி. என்பது ஒரு தனி வைரஸ் இல்லை, 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ள பெரிய குடும்பம். தட்டை மருவைக் கொண்டுவருவது பெரும்பாலும் 3ஆம், 10ஆம் வகைகள். கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் 16உம் 18உம். இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடத் தொடங்கிய ஊசி அந்த 16, 18க்கும், பிறப்புறுப்பில் மரு கொண்டுவரும் 6, 11க்கும் எதிராகச் செய்யப்பட்டது. 3க்கும் 10க்கும் அது செய்யப்படவில்லை. ஆகவே ஊசி பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது தன் வேலையைச் செய்யும், பிள்ளைக்கு அது கட்டாயம் தேவையானதும் கூட. இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எச்.பி.வி. என்ற பெயரைக் கேட்டதும் சிலர் பிள்ளையைப் பற்றித் தேவையில்லாமல் கதைப்பார்கள். முகத்தில் வரும் தட்டை மரு தோலோடு தோல் படுவதாலும், ஒரே துவாயில் முகம் துடைப்பதாலும் வருவது. அதற்கு வேறு எந்த அர்த்தமும் கிடையாது. அப்படிக் கதைப்பவர்களின் வாயை அந்த இடத்திலேயே அடைத்துவிடுங்கள், பிள்ளையின் காதுக்கு அது போகக்கூடாது.

தொற்றுமா என்றால் தொற்றும், ஆனால் பயந்து ஒதுக்கி வைக்கும் அளவுக்கு இல்லை. வைரஸ் உள்ளே போகத் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் காயமாவது வேண்டும். போன பிறகும் உடனே தெரியாது, கிழமைகளும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு திரிவதில் பிரயோசனம் இல்லை, நிலாவெளிக் கடலைக் குறை சொல்லவும் முடியாது, அதற்கு முன்பே வந்திருக்கும். பாடசாலைக்கு, ரியூஷனுக்கு, கடலுக்கு எல்லாம் போகலாம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் துவாய் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். முகத்தை உப்பு, சீனி, ஸ்கிரப் என்று எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். நெற்றியில் தலைமுடி விழுந்து வியர்த்தால் அரிக்கும், அரித்தால் சொறிவாள், அதனால் அந்த முடியை வீட்டில் இருக்கும் நேரமாவது பின்னால் வாரிக் கட்டச் சொல்லுங்கள்.

அந்த பாமசிக் கிறீம் எதுவென்று பெட்டியைப் பாருங்கள். பீற்றாமெதசோன், குளோபிற்றசோல் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீரொய்ட். அது தோலின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும், முதலில் வழுவழுப்பாக வரும், பிறகு மரு தன் பாட்டில் பரவும், நீங்கள் கண்டதும் அதுதான். முகத்தை வெள்ளையாக்கும் என்று லேபலே இல்லாமல் விற்கும் கிறீம்களிலும் இது இருக்கும், சிலவற்றில் பாதரசமும் இருக்கும். அவை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

தம்பலகாமம் மாமி எழுதியது:

பிள்ளை, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது. எங்கள் வயல் வரம்பில் அம்மான் பச்சரிசிச் செடி தாராளமாகக் கிடக்கும், கிள்ளினால் வரும் பாலை மருவில் மட்டும் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். என் தங்கச்சியின் மகனுக்கு முழங்காலில் இருந்தது அப்படித்தான் போனது, இப்போது தழும்பே இல்லை. அதோடு அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போடுகிறேன் என்று ஒரு நேர்த்தி வையுங்கள், எங்கள் அம்மா காலத்திலிருந்து செய்கிறோம். இந்த இங்கிலிஷ் மருந்தெல்லாம் பிள்ளையின் முகத்தைக் கருக்கிவிடும், அதுதான் எனக்குப் பயம்.

கிண்ணியா வாப்பா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரி, என் மகனுக்கு 16 வயது, இந்த வருடம் ஓ.எல். அவனுக்கு இது தாடையிலும் மேலுதட்டிலும் வந்தது, உங்கள் மகளுக்கு வந்ததை விட அதிகம், எண்ண முடியாது. பொடியன்கள் வளரும் வயதில் இது வேறு விதமாகப் பரவும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன், ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள்.

மீசை அரும்பியதும் அவன் பிளேட் வைத்து வழிக்கத் தொடங்கினான். ஒரு மருவின் மேல் பிளேட் போனால் அது அறுத்துக்கொண்டு போய் அடுத்த இடத்தில் வைத்துவிடும் என்று தோல் டொக்டர் சொன்னார். பார்த்தால் அப்படித்தான், பிளேட் போன திசையிலேயே வரிசை வரிசையாக இருந்தது. முதல் மருந்து பிளேட்டை நிறுத்துவதுதான் என்றார். சலூனில் பின்கழுத்தையும் கிருதாவையும் பிளேட்டால் ஒதுக்குவதும் வேண்டாம், முடியை மட்டும் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டோம். கட்டாயம் குறைக்க வேண்டுமென்றால் ட்ரிம்மரால், தோலில் முட்டாமல், கொஞ்சம் முடி விட்டு. அது அவனுக்கே தனி ட்ரிம்மர், நான் தொடுவதில்லை. பாடசாலையில் சவரம் செய்துவிட்டு வா என்பார்கள் அல்லவா, அதற்கு டொக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி அதிபரிடம் கொடுத்தோம், அவர் வாசித்துவிட்டு வகுப்பாசிரியருக்கும் சொல்லிவிட்டார், அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

மருந்தாகத் தந்தது அடபலீன் 0.1 சதவீத ஜெல். முகப்பருவுக்குக் கொடுப்பதும் அதுதானாம். தோலின் மேல்படையைச் சீக்கிரம் புதுப்பிக்க வைத்து மருவைத் தட்டையாக்கிக் கழற்றிவிடும் என்று விளக்கினார். இஷா தொழுதுவிட்டு வந்து, முகம் நன்றாகக் காயும் வரை இருந்து, பிறகு பூசுவான். ஈரமான முகத்தில் பூசினால் எரியும், வுளுச் செய்த கையோடு பூச வேண்டாம் என்று அதற்காகத்தான் சொன்னார்கள். தொடக்கத்தில் தோல் உரிந்து சிவந்து பார்க்கவே கஷ்டமாக இருந்தது, அவன் விட்டுவிடுகிறேன் என்று நின்றான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசச் சொன்னார்கள், தாங்கிக்கொண்டான். முதல் மாதத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது, இப்போது மேலுதட்டில் ஒன்றுமே இல்லை, தாடையில் மட்டும் கொஞ்சம் மிச்சம், அல்ஹம்துலில்லாஹ். பின்னேரம் மைதானத்தில் பந்து விளையாடும் பிள்ளை என்பதால் தொப்பியும், எஸ்.பி.எஃப். 30 சன் கிறீமும் கட்டாயம். மாமி சொன்ன கருக்கிற பயம் எங்களுக்கும் இருந்தது, வெயிலைக் கவனித்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சிறுவர் மருத்துவர் எழுதியது:

மேலே தாதி அக்கா எழுதியதில் மாற்ற எதுவும் இல்லை. சிகிச்சை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் காணும் பிள்ளைகளில் மருவால் தழும்பு வந்தவர்களை விட மருவுக்குச் செய்த வைத்தியத்தால் தழும்பு வந்தவர்கள்தான் அதிகம்.

மருவைக் கொண்டுவரும் வைரஸை நேராகக் கொல்லும் மருந்து எங்களிடம் இல்லை. நாங்கள் செய்வதெல்லாம் தோலின் மேல்படையை உரிப்பது, உறைய வைப்பது, சுடுவது, அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது. கடைசியில் துடைத்து எடுப்பது பிள்ளையின் சொந்த உடம்புதான், அதை அது எப்படியும் செய்யும். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ பாதி ஒரு வருடத்துக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள்ளும் வைத்தியமே இல்லாமல் போய்விடுகின்றன. மாமி, உங்கள் தங்கச்சியின் மகனுக்குப் போனதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அந்தப் பால் வைத்திராவிட்டாலும் அது போயிருக்கக்கூடும். கோயிலில் உப்பு மிளகு போடுவதால் தோலுக்கு ஒரு கெடுதியும் இல்லை, நேர்த்தி வைத்தால் மனதார நிறைவேற்றுங்கள். அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம் பால், மரமுந்திரிக் கோது எண்ணெய் இவற்றை முகத்தில் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். இவை தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். சுண்ணாம்பும் சவர்க்காரமும் அதைவிட மோசம், அது காரம், தோலுக்குள் இறங்கிச் சுட்டுக்கொண்டே போகும். தட்டை மரு தோலின் மேல்படையில் மட்டும் இருப்பது, தானாகப் போனால் அடையாளமே இராது. சுட்ட புண் ஆழமாகப் போகும், எங்கள் மாநிறத் தோலில் அதன் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும், குழித் தழும்பு என்றால் ஆயுள் முழுக்க.

கால் ஆணிக்கும் உள்ளங்கால் மருவுக்கும் பூசும் சலிசிலிக் அமிலத் திரவம் நல்ல மருந்துதான், ஆனால் அது தடித்த தோலுக்குரியது. அதை முகத்தில் பூசக்கூடாது, ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டி ஒட்டவும் கூடாது. கிளினிக்கில் திரவ நைதரசனால் உறைய வைப்பது பற்றிக் கேட்பீர்கள். அது பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ், கையில் உள்ள தடித்த மருவுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் நோகும், கொப்புளம் வரும், எங்கள் நிறத்தில் வெள்ளைத் திட்டு விடலாம். நெற்றி நிறையச் சின்னச் சின்னதாக இருக்கும் தட்டை மருவுக்கு ஒவ்வொன்றாக உறைய வைப்பதைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் யோசிக்க மாட்டேன். சுடுவதும் அப்படித்தான்.

ஆகவே இந்தப் பிள்ளைக்கு இரண்டு வழி. ஒன்று, சொறியாமல், பரவாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. அது ஒன்றும் செய்யாமல் இருப்பது இல்லை, அதுவும் ஒரு வைத்தியம்தான். மற்றது, பிள்ளைக்கு மனக்கஷ்டமாக இருந்தால் (இங்கே இருக்கிறது, முடியால் மறைக்கிறாள் என்றீர்கள்) இரவில் பூசும் ட்ரெற்றினோயின் அல்லது அடபலீன். இரண்டுக்கும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தோல் வைத்தியர் இமிக்கிமோட் 5 சதவீதக் கிறீமை யோசிப்பார், அது அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும், நன்றாகச் சிவக்கவும் செய்யும், அவர் சொன்ன நாட்களில் மட்டும்தான் பூச வேண்டும். ட்ரெற்றினோயினும் அடபலீனும் கர்ப்பிணிகளுக்குக் கூடாது, வீட்டில் மூத்த பெண்கள் யாரும் அதே டியூப்பை எடுத்து முகத்துக்குப் பூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரச ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கண் இமையில் வந்தால், உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் பரவினால், வருடங்களாகப் போகாமல் கூடிக்கொண்டே போனால், அல்லது பிள்ளை வேறு நோய்க்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவளாக இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மிகச் சில குடும்பங்களில் பிறப்பிலேயே இந்த வைரஸை அடக்க முடியாத குறை இருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கு மருவோடு தேமலை ஒத்த திட்டுகளும் சேர்ந்து வரும், அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், வெயிலிலிருந்து காக்கவும் வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கான அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. கன்னியா வெந்நீர் மருவைப் போக்காது. போய்க் குளிக்க ஆசை என்றால் குளிக்கட்டும், துடைக்கத் தனித் துவாய் கொண்டு போங்கள்.

உவர்மலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி, மாமிக்கும்தான். அம்மம்மாவுக்கு டொக்டர் எழுதியதை வாசித்துக் காட்டினேன், சுண்ணாம்புக் கதையை விட்டுவிட்டார். துண்டு வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். பழைய கிறீம் ஸ்டீரொய்ட்தான் என்று உறுதியானது. ட்ரெற்றினோயின் 0.025 சதவீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், என்று தந்திருக்கிறார்கள். இப்போது மூக்கோரமும் வாயோரமும் உரிந்து எரிகிறது என்கிறாள், நெற்றியில் கூட முன்பை விட எடுப்பாகத் தெரிகிறது. நிறுத்திவிடட்டுமா? மகனுக்கும் அதையே பூசலாமா? பாடசாலையில் பரிசளிப்பு விழா வருகிறது, மேடைக்குப் போக மாட்டேன் என்று அழுகிறாள், அதைப் பார்க்கத்தான் தாங்க முடியவில்லை.

ஏ.எல். பயோ எழுதியது:

அன்ரி, எனக்குத் தரம் 8இல் இது வந்தது, நெற்றியிலும் கண்புருவத்துக்கு மேலும். இப்போது ஒன்றும் இல்லை, எங்கே இருந்தது என்று எனக்கே காட்டத் தெரியாது. மருந்து பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், உங்கள் மகளின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

என் அம்மா ஒவ்வொரு காலையும் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அன்பில்தான் செய்தார், அது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் எனக்கு முகமே மருவால் ஆனது என்று தோன்றும், பாடசாலைக்குப் போவதற்கு முன்பே மனம் விழுந்துவிடும். தாதி அன்ரி சொன்ன மாதிரி மாதத்துக்கு ஒரு படம், அவ்வளவு போதும், மற்ற நாளில் முகத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள். வீட்டுக்கு வரும் ஆட்கள் "ஐயோ முகத்தில் என்ன" என்று கேட்டால் அவள் பதில் சொல்ல முதல் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் ஒரே வசனம் வைத்திருந்தேன்: "சின்ன மரு, டொக்டரிடம் காட்டுகிறேன், பக்கத்தில் இருந்தால் வராது." அதை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். முதல் தடவை குரல் நடுங்கியது, பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருக்க மாட்டேன் என்ற அந்தப் பிள்ளைக்கும் பயம்தான் இருக்கும். வகுப்பாசிரியையிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், எங்கள் ரீச்சர் பெயர் சொல்லாமல் சுகாதாரப் பாடத்தோடு சேர்த்துப் பொதுவாக விளக்கினார், அது எனக்குப் பெரிய உதவி. அப்புறம் விழாவுக்காகத் திரெடிங், வக்சிங், பேஷியல் என்று எதற்கும் கூட்டிப் போக வேண்டாம். புருவத்தில் நூல் இழுத்தால் அந்த இடமெல்லாம் பரவும், எனக்குப் புருவத்துக்கு மேல் வந்தது அப்படித்தான். மேடையில் கொஞ்சம் பவுண்டேசன் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், எனக்கு என்னுடைய சொந்தப் பஞ்சாக இருந்தால் சரி என்றார்கள்.

தோல் கிளினிக் தாதி (ஓய்வு) எழுதியது:

நிறுத்த வேண்டாம் தங்கச்சி, இடைவெளி விடுங்கள். எரிச்சல் அடங்கும் வரை சில இரவு பூசாமல் சாதாரண ஈரப்பதக் கிறீம் மட்டும் போடுங்கள், பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று தொடங்கி மெல்லக் கூட்டலாம். மூக்கோரமும் வாயோரமும் கண் ஓரமும் மெல்லிய தோல், அங்கே மருந்து ஓடிவந்து தேங்கும். பூசுவதற்கு முன்பு அந்த மூலைகளில் கொஞ்சம் வஸ்லீன் தடவிவிட்டால் அங்கே எரியாது. அளவும் பாருங்கள், முழு நெற்றிக்கும் ஒரு பட்டாணி அளவுதான், கூடப் பூசினால் கெதியாகப் போகும் என்பது இல்லை, உரியத்தான் செய்யும். காலையில் சன் கிறீம் இல்லாமல் வெளியே விடாதீர்கள், பாடசாலை முடிந்து வரும் நேரத்து வெயில் நல்ல கடுமை. கண் வீங்கினால், முகம் நீர் கசிந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ஒரு நாள் திடீரென்று எல்லா மருவும் ஒன்றாகச் சிவந்து, வீங்கி, கடிக்கத் தொடங்கலாம். அதைக் கண்டு பதறி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்தப் பழைய ஸ்டீரொய்டை எடுத்துவிடாதீர்கள். தட்டை மருவில் பல நேரம் அது உடம்பு வைரஸை அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கிய அறிகுறி, அடுத்த சில கிழமைகளில் கொட்டிவிடும். அந்த நேரம் ஒரு படம் எடுத்துக் கிளினிக்கில் காட்டுங்கள், மருந்தால் வந்த சிவப்பா இதுவா என்று அவர்கள் சொல்வார்கள்.

மகனுக்கு அதைப் பூச வேண்டாம். 6 வயதுப் பிள்ளையின் முழங்காலில் இரண்டே இரண்டு, அவனுக்கு அது இருப்பதே ஞாபகம் இராது. விழுந்து உரசிக்கொள்ளும் இடம் என்பதால் விளையாடப் போகும்போது நீளக் காற்சட்டை போட்டுவிடுங்கள், அக்காவின் துவாயை எடுக்காமல் பாருங்கள், கூடினால் மட்டும் காட்டலாம். அடுத்த கிளினிக்குக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த பாமசிக் கிறீமின் டியூப்பையும் எடுத்துப் போங்கள், எவ்வளவு காலம் பூசினாள் என்று கேட்பார்கள்.